வண்டிக்கு ஒரு நாள் ஓய்வு

எங்கள் அப்பாவிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு கார் இருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அந்தக் கணக்கு அப்பாவை ஒருநாளும் உறுத்தியதில்லை. அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டு அதில் ஏறினோம்.

பச்சை நிறம், தரையோடு தரையாக உடம்பு, துணிக்கூரை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, பிறகு செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்த பின்னும், அது ஒரு கொட்டகையில் கோழிகளுக்குக் குடியிருப்பாக இருந்தது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஓட வைத்தார்.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் போர்வை போட்டு மூடி வைப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை, வெயில் பார்த்து வெளியே எடுப்பார்கள். அப்பாவுக்கு அது ஆபீஸ் வண்டி. ஈப்போவில் நில அளவை அலுவலகத்தில் வேலை. தினமும் அதில்தான் போய்வந்தார். எங்கள் பக்கம் மதியம் தாண்டினால் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கூரைத் துணியோ இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அலுவலகச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பின்னால் வைத்துவிட்டு, பனியனோடு ஓட்டுவார். சிக்னலில் சிரிப்பவர்களுக்குக் கையசைப்பார். அம்மாதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

“ஒரு நாள் சும்மா போட்டோம்னா, மறுநாள் நாம யாருன்னே அதுக்குத் தெரியாது,” என்பார் அப்பா.

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது அப்பாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். மருத்துவமனையில் படுக்கப் போவதற்கு முந்தின வாரம் முழுக்க, அவர் அம்மாவை அந்த வண்டியில் உட்கார வைத்துப் பழக்கினார். எந்தக் குமிழை எவ்வளவு இழுக்க வேண்டும், ஏற்றத்தில் எப்போது கியர் மாற்ற வேண்டும், எல்லாம். தன் உடம்பைப் பற்றி அவர் அவளிடம் அவ்வளவு பேசியதாக எனக்கு நினைவில்லை.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். எனக்குப் பத்து. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அப்பாவின் கட்டில் இரண்டாம் மாடியில் ஜன்னலோரம். மாலை பார்வை நேரத்தில் அம்மா வண்டியைச் சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை அழுத்துவாள். வண்டி இரண்டு முறை உறுமும். ஜன்னலில் அப்பா வந்து கையை ஆட்டுவார். நான் கீழே இறங்கி நின்று இரண்டு கையையும் ஆட்டுவேன். அதன் பிறகு அம்மா மேலே போவாள். நான் வாசல் காவல்காரர் ஜாகாவின் அறையில் அவருடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்பா என்று அப்போது இருந்தது அந்தக் கை மட்டும்தான்.

இரண்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. மழையில் வழியோரச் சுண்ணாம்பு மலைகள் காணாமல் போகும். நான் காருக்குள்ளேயே குடையை விரித்து, கிழிசலுக்கு நேராக அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வேன். பக்கத்து வண்டிக்காரர்கள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அம்மா நேராகப் பார்த்து ஓட்டுவாள். அவள் முகத்தில் ஓடுவது மழைத் தண்ணீர்தான் என்று நான் நம்பினேன்.

ஆனால் கை இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் தலைக்கு மேல் ஆடிய கை, பிறகு தோளுக்கு வந்தது. பிறகு ஜன்னல் கட்டையில் விரல்கள் மட்டும் அசைந்தன.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து துணைக்கு வந்து தங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள்; தம்பி என்றால் உயிர். வந்த அன்றே வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜையன்று இதை வெளியே எடுப்பீர்களா என்று கேட்டாள். எடுப்போம் என்றேன். அப்பா சந்தனம் குங்குமம் வைப்பார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்குவார், உடனே ஒரு சுற்றுப் போய்வருவார்.

“அதான் பாத்தியா,” என்றாள் அத்தை. “அன்னிக்கு ஒரு நாளாவது அதப் படுக்க விடணும்லா. அருவா, கத்தி எல்லாத்துக்கும் லீவு இருக்கு. இதுக்கு மட்டும் இல்லன்னா, அது யாரப் போட்டுப் படுக்க வைக்கும்? ஓட்டுறவனத்தான்.”

இதை அவள் அம்மாவிடமும் சொன்னாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். விரல்கள் மட்டும் ஏன் அசைகின்றன என்பதற்கு, எனக்குப் புரிகிற மாதிரி யாரும் அதுவரை காரணம் சொல்லியிருக்கவில்லை.

பூஜையன்று காலையில் என் புத்தகங்களையெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அம்மா அடுப்பில் இருந்த நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து, அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, என் கைக்குட்டையில் முடிந்து, கணக்குப் புத்தகத்துக்குள் செருகினேன். என் பெயரை அம்மா சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த கைக்குட்டை. அந்த வண்டிக்கு வேறு சாவி கிடையாது. அப்பா நாளைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தீபாராதனை முடிந்து, சுண்டலை வாயில் போடுவதற்குள் தொலைபேசி வந்தது. அம்மா எடுத்தாள். கேட்டுவிட்டு வைத்தாள்.

“இப்பவே போகணும்,” என்றாள். கை ஆணிக்குப் போயிற்று. அங்கே சாவி இல்லை.

அம்மா இழுப்பறைகளைக் கவிழ்த்தாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டாள். குப்பைக் கூடையைத் தரையில் கொட்டினாள். பிறகு என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“சாவியப் பாத்தியா கண்ணு?”

“இல்லம்மா.”

அவள் எவ்வளவுக்கு அவசரப்பட்டாளோ, அவ்வளவுக்கு நான் உறுதியாக இருந்தேன். இன்று மட்டும் அந்த வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. ஒரு நாள்தானே, அம்மாவுக்கு ஏன் இது புரியவில்லை என்று அவள் மேல் கோபம்கூட வந்தது. அரைமணி நேரம் போன பிறகு அம்மா வெறுங்காலோடு தெருவில் ஓடி, காய்கறி வேன் வைத்திருந்த அண்டை வீட்டுக்காரரை எழுப்பினாள். நான்கு பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துப் போனோம். மழை வேறு பிடித்துக்கொண்டது.

வேனின் சத்தம் யாருக்கும் அடையாளம் தெரியாத சத்தம். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவும் அத்தையும் மேலே ஓடினார்கள். ஜாகா என்னிடம் பிஸ்கட் டின்னை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து அத்தையின் குரல் கீழே வரைக்கும் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் அப்பா போயிருந்தார்.

சாவு விழுந்த வீட்டில் சாமியை யார் தொடுவார்கள்? படத்துக்கு முன்னால் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். என் புத்தகங்களும் அவற்றுக்குள்ளே சாவியும் பதினாறு நாள் அப்படியே கிடந்தன. ஒரு நாள் ஓய்வு கேட்ட வண்டிக்குப் பதினாறு நாள் ஓய்வு. நான் தினமும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், பார்த்துக்கொண்டே தூங்கினேன். எடுக்கவும் பயம், சொல்லவும் பயம்.

கருமாதி முடிந்து வீட்டைக் கழுவினார்கள். அம்மாதான் துணியை விலக்கிப் புத்தகங்களை எடுத்தாள். கணக்குப் புத்தகம் நடுவில் புடைத்திருந்தது. அவள் அதைத் திறந்தபோது அத்தை பின்னால் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். கைக்குட்டை அவள் இடுப்பு மடிப்புக்குள் போயிற்று. வெறும் சாவி கையில் நின்றது.

“என்னது அது?” என்று அத்தை எழுந்து வந்தாள்.

“சாவி. நான்தான் அக்கா, பூஜைக்குன்னு வச்சிட்டு மறந்துட்டேன்.”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை பிடித்துக்கொண்டாள். “மறந்துட்டியா? பக்கத்துக் கட்டில் சீனர் சொன்னாரே, கேட்டியா நீ? காலையிலேர்ந்து வண்டி வந்திருச்சா, வண்டி வந்திருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தானாம் எந்தம்பி! கட்டுனவ நீ, கையால ஒளிச்சு வச்சிட்டு மறந்துட்டேங்கிற!”

வண்டியைப் படுக்க விடச் சொன்னது அவள்தான் என்பது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை, அம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை. அத்தை அன்றே பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் இறந்துபோனாள்; கடைசிவரை அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்ததாகத்தான் கேள்வி. இத்தனை வருஷத்தில் நான் பஸ் ஏறிப் போய் அவளிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா இன்றும் அந்த வண்டியைத்தான் தினமும் ஓட்டுகிறாள், மழையானாலும் ஆயுத பூஜையானாலும். என்னிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

சாவி கிடைத்த அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: தப்பித்தேன். அம்மாவே வைத்து மறந்துவிட்டதாக நினைக்கிறாள் என்று நம்பினேன். பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் காலை வண்டி நான்கு முறை இருமி ஐந்தாவது முறை கிளம்பியது. மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கி முகத்தைத் துடைக்கச் சீருடைப் பைக்குள் கையை விட்டேன். சிவப்பு நூலில் என் பெயர் தைத்த கைக்குட்டை, துவைத்து இஸ்திரி போட்டு நான்காக மடித்து, அங்கே இருந்தது. நான் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன்.