கலியமூர்த்தி கெடுத்த இன்ஜின்

கலியமூர்த்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரைக்கும் டீசல் இன்ஜின் ஓடுகிற உப்பளம் எதுவானாலும் இன்றைக்கு மெக்கானிக் என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை சுத்தம், அதை மறுக்கமாட்டேன். வாய் சுத்தமில்லை. 'அவர்' என்று நான் எழுதுவதுகூடப் படித்த காரணத்தால்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தில் மரியாதை குறைந்தால் பி.எஸ்சி. பட்டத்துக்கு அசிங்கம். எங்கள் வீட்டுக்குள் அவருக்கு வேறு பெயர்கள் உண்டு.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த இன்ஜின் முன்னால் போய் உட்கார்ந்தாலும் ஸ்பேனரை எடுக்கமாட்டார். இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். துப்புவார். அதற்குப் பிறகுதான் பையைத் திறப்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

அவருடைய ஊர் வானூர் தாண்டி உள்ளே. மணிலா என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற பூமி. பதினைந்து வருடம் அங்கே கிணற்று இன்ஜின்களைப் பார்த்தவர். அங்கெல்லாம் ஒரே முறைதான். பம்பு இறைக்கிற தண்ணீரிலேயே சின்ன பைப்பு ஒன்றைப் பிரித்து இன்ஜினுக்குள் விடுவார்கள். அது இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து நூல் மாதிரி வாய்க்காலில் விழும். அந்த நூல் விழுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஊரில் எல்லோரும் கரண்ட் மோட்டாருக்கு மாறினார்கள். அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. எக்ஸெல் வண்டியில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு ஒரு தை மாதம் கடற்கரைப் பக்கம் வந்தார். உப்பள முதலாளி சுப்ராயன் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

சுப்ராயன் அளம் கழுவெளி ஏரி ஓரம், கரண்ட் கம்பம் எட்டாத மூலை. அக்கம்பக்கத்து அளங்களில் எல்லாம் மோட்டார். இங்கே மட்டும் எட்டு எச்.பி. டீசல் இன்ஜின். அது போர்க் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்பினால்தான் உப்பு விளையும். அந்த இன்ஜினைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் என் அம்மா மேரிசெல்வி. உப்பும் வாருவாள், ஹேண்டில் போட்டு இன்ஜினும் ஸ்டார்ட் பண்ணுவாள். அந்த வட்டாரத்தில் ஹேண்டில் சுற்றுகிற பொம்பளை அவள் ஒருத்திதான்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் ஒரு இரும்பு ட்ரம் நிறுத்தி இரண்டு பைப்பு மாட்டியிருந்தார் பழைய மெக்கானிக். அவர் சென்னைக்குப் போய்விட்டார். தினமும் விடிந்ததும் ஊர்க் குழாயிலிருந்து நாலு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வந்து அம்மா அந்த ட்ரம்மை நிரப்புவாள். கலியமூர்த்தி வந்த முதல் நாளே இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, இன்ஜினுக்குக் கொடத்துல தண்ணி ஊத்துற? கொழந்தயக் குளிப்பாட்டுறியா?"

"ஏங்க, இது நல்ல தண்ணிங்க. அளத்துத் தண்ணிய இன்ஜினுக்குள்ள வுட்டா பாழாப் போயிடும்னு பழைய மெக்கானிக்கு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவன் வேலை தெரியாதவன். பதினஞ்சு வருசமா நான் இப்படித்தான் மாட்டுறேன், ஒரு இன்ஜின் நின்னதில்ல. நீ உப்பு வாரு. இன்ஜின என்கிட்ட வுடு."

சுப்ராயன் சிரித்தார். "உனக்கு நாலு கொடம் மிச்சம்தானே மேரி? சும்மா இரு."

ட்ரம்மைக் கழற்றி மூலையில் உருட்டிவிட்டு, பம்பிலிருந்து பைப்பு இழுத்து இன்ஜினுக்குக் கொடுத்தார் கலியமூர்த்தி. உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்து நூலாக விழுந்தது. "பாத்துக்கோ. இது வுழற வரைக்கும் இன்ஜின் சாகாது" என்றார்.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது நூல் மெலிந்தது. அம்மா அதைச் சொன்னாள். அவர் பைப்பில் இருந்த வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். நூல் பருத்தது. "இப்ப திருப்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் இன்ஜின் இறுகி நின்றது. அம்மா ஹேண்டிலைப் போட்டுத் தொங்கியும் அசையவில்லை. கலியமூர்த்தி வந்து இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் சூட்டில் ஒட்டிக் கீறல் விழுந்திருந்தது. சுப்ராயன் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு "எப்ப ஓடும், எப்ப ஓடும்" என்று உயிரை எடுத்தார். பிஸ்டன் ஓடுகிற இரும்பு உறைக்கு லைனர் என்று பெயர். அதைச் சுற்றித்தான் குளிர் தண்ணீர் ஓடும். அதை உருவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். உருவினால் இன்னொரு நாள் ஆகும். அவர் உருவவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஆயில் ஊத்துனியா?"

"காலைல அளவு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன்."

"ஆயில் இருந்தா பிஸ்டன் ஏன் புடிக்குது? மாசாமாசம் மொதலாளி கேன் வாங்கித் தர்றாரே, எங்க போவுது? மீன் போட்டுக்காரனுக்கு வித்துட்டியா?"

"யோவ், வாயி அளந்து பேசு! ஆயில் உள்ள இருக்குது, வந்து பாரு!"

அவர் பார்க்கவில்லை. சுப்ராயனும் பார்க்கவில்லை. "நாளைலேருந்து வராத" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு வரி.

புதுப் பிஸ்டன் வந்து இன்ஜின் ஓட ஒன்பது நாள் ஆயிற்று. வெயில் கொளுத்துகிற நேரம். புதுத் தண்ணீர் ஏறாத பாத்திகளில் பழைய தண்ணீர் கெட்டியாகிக்கொண்டே போய், உப்பு கசந்துவிட்டது. வாங்க வந்த லாரிக்காரன் ஒரு கல்லை வாயில் போட்டுத் துப்பிவிட்டு வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். அந்தக் கசப்பும் என் அம்மா கணக்கில்தான் சேர்ந்தது. அவள் மற்ற அளங்களுக்கு நடந்தாள். "ஆளு போதும்" என்றார்கள். கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, அதே அளத்தில் கூட வேலை பார்த்த அம்சவள்ளி, தன் சித்தி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னா மேரி, எங்க வூட்டு வண்டிக்கு அரை லிட்டர் ஆயில் கெடைக்குமா?" நான் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருந்த சமயம். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். மறுநாளிலிருந்து சவுக்குத் தோப்பில் பட்டை உரிக்கப் போனாள். விரலெல்லாம் வெடித்துவிட்டது.

இன்ஜின் ஓட்டக் கலியமூர்த்தி தன் மனைவியின் தம்பி செல்லப்பனைக் கொண்டுவந்தார். பைப்பு பழையபடியேதான். இருபத்து மூன்றாம் நாள் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு மறுபடி நின்றது. ஹெட் வெடித்திருந்தது. இந்த முறை லைனரை உருவினார். அடுத்து நடந்ததைச் செல்லப்பனே பின்னால் டீக்கடையில் வைத்து எல்லோருக்கும் சொன்னார். லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடவேண்டிய இடம் முழுக்க வெள்ளைக் கல். உளி வைத்து அடித்தால்தான் பெயர்ந்தது. கலியமூர்த்தி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"மாமா, இப்பவும் ஆயில்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றிருக்கிறார் செல்லப்பன்.

"அப்ப வித்தவன் நீதான்டா. சொல்லட்டுமா?"

செல்லப்பன் உளியை எடுத்து மிச்சக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

சுப்ராயனிடம் "ஹெட்டு பழசு, தாங்கல" என்று சொல்லிவிட்டு, ஊரில் இருந்த தன் மாட்டை விற்று வேறு ஹெட் வாங்கினார் கலியமூர்த்தி. மாட்டுவதற்கு முன்னால் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த ட்ரம்ம எப்படி மாட்டியிருந்தான் அந்த ஆளு?" வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எந்த ட்ரம்மு? கொழந்தயக் குளிப்பாட்டுற ட்ரம்மா?"

"உள்ள உப்பு அடைச்சிருக்குது. நீ சொன்னது சரி. போதுமா?"

"எனக்கு எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தை மாசமே தெரியுமே. சுப்ராயன்கிட்ட சொல்லு. ஆளுங்க எல்லாம் இருக்கச்ச சொல்லு. மேரி ஆயில் விக்கலன்னு சொல்லு. அப்புறம் ட்ரம்மப் பத்திப் பேசலாம்."

"சொன்னா என் தொழில் போயிடும்."

"என்னுது போனப்ப உனக்கு வலிச்சுதா?"

நான் உள்ளே போய் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அவரிடம் நீட்டினேன். முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அம்மா என்மேல்தான் பாய்ந்தாள். "சும்மா இருடா! வாயாலதான் சொன்னான், வாயாலயே திருப்பிச் சொல்லட்டும்."

"ஒரு ட்ரம்மு மாட்ட எனக்குத் தெரியாதா? போம்மா!" அவர் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவரே மாட்டினார். மூலையில் கிடந்த ட்ரம்மைத் தூக்கி மேடையில் வைத்தார், நல்ல தண்ணீர் நிரப்பினார். கீழ்ப் பைப்பு வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போகும். சூடாகித் தானாகவே ஏறி மேல் பைப்பு வழியாக ட்ரம்முக்குத் திரும்ப வரவேண்டும், தள்ளிவிடப் பம்பு கிடையாது. பதினைந்து வருடப் பழக்கம் விடுமா? தண்ணீர் விழுகிற நூலைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று, மேல் பைப்பின் வாயைத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தூக்கிக் கட்டினார். நூலைத் தேடிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அரை மணி நேரத்தில் இன்ஜின் கொதித்து ஆவி சீறியது. ஓடிப் போய் நிறுத்துவதற்குள் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் தகடு போய்விட்டது.

"மெக்கானிக்கு, டீ போடுறியா? பதினோரு பேரு இருக்கோம், சக்கர கம்மியா!" என்று பாத்தியிலிருந்து ஒருத்தன் கத்தினான். வரப்பு முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு அவர் யாரையும் திருப்பித் திட்டவில்லை என்று சொல்கிறார்கள். நம்பக் கஷ்டம்தான்.

அடுத்த நாள் கஞ்சி வேளைக்குச் செல்லப்பன் வந்து அம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். இன்ஜின் கொட்டாய் நிழலில் ஆட்கள் எல்லாம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுப்ராயன் கயிற்றுக் கட்டிலில். கலியமூர்த்தி எழுந்து நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"மொதலாளி, மொத தடவ இன்ஜின் நின்னது ஆயிலால இல்ல. அளத்துத் தண்ணிய நான் உள்ள வுட்டேன், உப்பு அடைச்சிக்கிச்சு. ரெண்டாவது தடவயும் அதான். இந்தம்மா ஆயில் விக்கல. நான் பாக்காமயே சொல்லிட்டேன்."

யாரோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். சுப்ராயனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலை விட்டு எழுந்து அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கலியமூர்த்தியின் அம்மா, அப்பா, அவர் ஊர், அந்த ஊர் மணிலா வரைக்கும் போனார். "ஒரு லோடு உப்பு கசந்து போச்சேடா!" என்று கத்தி, ஸ்பேனர் பையைத் தூக்கி உப்புத் தண்ணீர் வாய்க்காலில் வீசினார். "போயிடு. இனிமே இந்தப் பக்கம் உன்னப் பாக்கக்கூடாது."

கலியமூர்த்தி வாய்க்காலில் இறங்கி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சட்டையில் துடைத்தார். "கேஸ்கட் மாட்டிட்டுப் போறேன்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு."

அம்மா உடனே சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றாள். சிலர் தலையாட்டினார்கள். "அம்சவள்ளி, உனக்குக் கேட்டுதா? இல்ல, இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லட்டுமா?"

"கேட்டுது, கேட்டுது" என்றாள் அம்சவள்ளி, தூக்குக்குள் பார்த்துக்கொண்டு.

அதற்கப்புறம்தான் அவரிடம் திரும்பினாள். "மேல் பைப்பு வாயி தண்ணிக்குள்ள முழுகி இருக்கணும். தண்ணி வுழறது கண்ணுக்குத் தெரியக்கூடாது. பைப்பு வாயி வெளிய தெரிஞ்சாவே உள்ள ஓட்டம் நின்னுடும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத்த சொல்றதுக்கா என்ன இப்படிச் சந்தி சிரிக்க வெச்ச?"

"நீ மட்டும் இன்னா பெரிய கதையா சொல்லிட்ட? நாலு வார்த்த. அதுக்கு உனக்கு எத்தினி நாளு ஆச்சு?"

அவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். கேஸ்கட்டை மாட்டினார். மேல் பைப்பை இறக்கித் தண்ணீருக்குள் முழுக வைத்துக் கட்டினார். சுப்ராயன் அம்மாவிடம் "நாளைலேருந்து வந்துடு மேரி" என்றார். தப்பு என்று ஒரு சொல், மன்னிப்பு என்று ஒரு சொல், ம்ஹூம். "நாளைக்கு இன்னாத்துக்கு?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலை எடுத்தாள் அம்மா. இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் ஓடத் தொடங்கியது.

கலியமூர்த்தி ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார். அடிக்கடி ட்ரம்மின் மேல்பக்கம் கை வைத்துப் பார்த்தார். மேலே சூடு, கீழே குளிர்ச்சி, ஓட்டம் சரியாக இருந்தது. ஈரப் பையை வண்டியில் கட்டினார். கிளம்பும்போது கொட்டாய்ப் பக்கம் திரும்பாமலே, "பெல்ட்டு லூசா இருக்குது, பாத்துக்க" என்றார்.

"தெரியும், போ" என்றாள் அம்மா.