சூடு படாத கட்டி

கடலூரில் கால்நடை டாக்டராக இருந்தால் மாடு வரும், ஆடு வரும், நாய் வரும். குதிரை வராது. நான் குதிரையைத் தொட்டதெல்லாம் காலேஜில்தான். அதனால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் முதுநகர் பாய் போன் செய்தபோது பழைய காலேஜ் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அவரிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளைப் பெண்குதிரை. விலா எலும்பு எண்ணலாம். அடிவயிற்றில் நீர் கோத்திருந்தது. தாடைக்குக் கீழே ஒரு கட்டி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த இரண்டு கோடு.

"யாரு போட்டது இத?"

"நாந்தான் டாக்டரம்மா. வீக்கம்னா சூடு போடறதுதானே?"

"அறிவிருக்கா உங்களுக்கு? உங்க கழுத்துல போட்டுக்கிட்டுப் பாக்கறது!"

எனக்கு வாய் ஜாஸ்தி. பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் இஞ்சி டீ கொடுத்தார்.

அது சீழ்க்கட்டி என்றால் மருந்தில் கரைந்துவிடும். நிணநீர்ப் புற்று என்றால் எங்கள் ஊரில் வழி கிடையாது. குதிரை வதைபடாமல் ஊசி போட்டு முடித்துவைப்பதுதான் நாம் செய்யக்கூடியது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சோகை இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அதை வைத்து நிம்மதிப்பட முடியாது. குதிரைக்கு இந்தப் புற்று பெரும்பாலும் ரத்தத்தில் தலைகாட்டாது. கட்டிக்குள்ளேயே ஊசி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். விட்டேன். சூட்டுப் புண்ணின் சீழ்தான் வந்தது.

"சீழ்தான் பாய். சரியாப்போயிடும்" என்றேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே என் கைக்கு இன்னொரு கட்டி தட்டுப்பட்டது. பின்தொடைக்கு முன்னால், தோல் மடிப்புக்குள், எலுமிச்சம்பழ அளவில். அதில் சூடு படவில்லை, புண்ணின் சீழ் வந்து குழப்பாது. ஊசி விடவேண்டியது அதில்தான் என்று எனக்குத் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

வேலை முடிந்து சிதம்பரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள், அன்றிலிருந்து தினமும் முதுநகரில் இறங்கினேன். மருந்து ஊசி போடுவேன். பாய் டீ போடுவார். மனைவி போன பிறகு அவருக்கு அந்தக் குதிரைதான் துணை. எனக்கு அதுவும் இல்லை. சிதம்பரத்தில் பூட்டின வீட்டை நானே திறந்து, நானே விளக்குப் போட்டு, டிவியோடு சண்டை போடுகிறவள். "சாப்ட்டீங்களா டாக்டரம்மா?" என்று ஒரு மனுஷர் கேட்பதற்காக மூன்று வாரம் அந்த எலுமிச்சம்பழத்தைத் தடவிப் பார்ப்பதோடு சரி, ஊசி விடாமல் இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை குதிரை வாயில் வைத்த புல்லை மெல்லாமல் நின்றது. கட்டி எலுமிச்சை அளவைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் என்னை நானே ஏமாற்ற முடியவில்லை, ஊசி விட்டேன். மறுநாள் மத்தியானம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டைப் பார்த்தேன். பெரிய பெரிய உருண்டை அணுக்கள், எல்லாம் ஒரே ஜாடை. புற்றுதான். சொல்லி அழ வீட்டில் ஆள் இல்லை. பஸ் ஏறினேன்.

நான் சொன்னதைப் பாய் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "தெரியும் டாக்டரம்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"தொடைக்கிட்ட கட்டி இருக்குறது. சூடு போடும்போதே பாத்தேன். சொன்னா முடிச்சிடுவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன். நீங்களும் தெனம் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சரி, உங்களுக்கும் மனசு வரலன்னு நெனச்சிக்கிட்டேன்."

எனக்கு எதற்காக மனசு வரவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பேசுகிற வாய்! எங்கள் இரண்டு பேருக்காகவும் மூன்று வாரம் வலி பட்டது அந்த வாயில்லாத ஜீவன்.

மறுநாள் காலையில் ஊசி போட்டேன். பாய் மடியில் தலை வைத்துப் போய்ச்சேர்ந்தது.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "குதிர இல்லன்னா வரமாட்டீங்களா டாக்டரம்மா?"

"வரேன் பாய்" என்றேன். தினமும் அந்த வழியாகத்தான் பஸ் போகிறது. முதுநகர் வந்தால் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறேன். இன்னும் இறங்கவில்லை.