நங்கூர அறையில் ஊற்றிய ஆசிட்

ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். கையெழுத்தும் சரியில்லை, எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சர்ச் சாமியார் வந்து எங்கள் ஊர்ப் படகுகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க இருந்தார். எங்கள் ஃபைபர் படகின் முன்பக்க அறையில் நங்கூரம் கிடந்து துருக்கறை படிந்திருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். போகவில்லை.

"ஏலே மாப்ள, ஒரு கறையப் போக்கத் தெரியல, நீயெல்லாம் படகுக்குப் பங்காளியால?" என்று என் மனைவியின் அண்ணன் கரையில் எல்லோர் முன்னாலும் கத்தினார். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அந்தப் பிளீச்சிங் தண்ணீர் மேலேயே ஊற்றி, அறைக்குள் தலையை விட்டுத் தேய்த்தேன்.

குப்பென்று புகை எழுந்தது. நெஞ்சு அடைத்தது, கூப்பிடச் சத்தம் வரவில்லை. காலை உதறினேன்.

"பாருங்கலே, காலையிலயே ஏத்திட்டு ஆடுதான்!" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

சோறு கொண்டுவந்த என் மனைவிதான், "ஏண்ணே, என்ன சிரிக்கிய? அவருக்கு மூச்சு நிக்கி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என்னை வெளியே இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பிழைத்தேன். குரல் மட்டும் கீச்சென்றாகிவிட்டது. அதையும் மச்சான் பேசிக்காட்டிச் சிரிக்க வைக்கிறார்.

இப்போது எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து, ஊறவிட்டுக் கழுவுகிறேன். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்ப்பதே இல்லை. மனைவி பக்கத்தில் இல்லாமல் அந்த அறைக்குள் தலையை விடுவதும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு.