சிவக்காத கண்

எலிகளின் கால்வீக்கத்தை அளப்பது என் வேலை. இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வுக்கூடம். குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சியைப் போன்ற ஒன்றை எலிகளுக்கு ஊசி போட்டு வரவழைத்து, மருந்து கேட்கிறதா என்று பார்ப்போம். என்னைக் கடிக்காத எலி அங்கே கிடையாது.

என் அக்கா மகளுக்கும் அதே நோய். ஐந்து வயது. போன வருடம் முழங்கால் வீங்கி, மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்குவாள். மருந்தில் வீக்கம் வடிந்தது. அதற்கு நன்றியாக, சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அக்கா ஒரு ஏத்தன் வாழைக்குலையைக் காணிக்கை வைத்தாள். காணிக்கைகளை ஏலம் விட்டபோது அதை அத்தானே விடாப்பிடியாக எடுத்துவந்தார். அதோடு, இந்த நோய் கண்ணையும் தாக்கலாம் என்று மூன்று மாதத்துக்கொருமுறை குழந்தையின் கண்ணைக் காட்டச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததை அக்கா நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. இனியும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா ஆண்டவரெ நம்பாத மாதிரி ஆயிராதா? பிள்ளைக்கு கண்ணு சிவக்கவும் இல்ல."

நானும் சும்மா இருந்துவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு எலியின் கால் நன்றாக வடிந்திருந்தது. எங்கள் குறிப்பேட்டில் காலுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. அளவை எழுதப் போனவள், ஏதோ தோன்றி அதன் கண்ணில் டார்ச் அடித்தேன். வெளியே சிவப்பே இல்லை. உள்ளே புகை படிந்த மாதிரி மங்கல். பேராசிரியர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். கண் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிவந்து பார்த்தோம். கண்ணுக்குள் அழற்சி! கால் தேறிய பிறகும் சத்தமில்லாமல் கண்ணில் நடக்கும் நோய், எங்கள் கூண்டிலேயே. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேல்கூட எடுக்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்கு ஒரு கட்டம் கோணல்மாணலாகப் போட்டேன். இன்னும் இரண்டு எலிகளிலும் அதே மங்கல்.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, காலு நல்லாயிட்டு, கண்ணு சிவக்கவே இல்ல, ஆனா உள்ள பாத்தா..." என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன்.

அக்கா, "நீ எலியெப் பத்தித்தானே சொல்லுதே?" என்றாள்.

"பிள்ளையெ நாளைக்கே கூட்டிட்டு வா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

மறுநாள் கண் மருத்துவமனையில் குழந்தை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கணீரென்று வாசித்தாள். மற்றக் கண்ணாலும் அப்படியே. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கருவி வழியே வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு கண்ணுக்குள்ளயும் அழற்சி இருக்கு. பார்வை போறதுக்கு முந்தி வந்துட்டீங்க. சொட்டு மருந்து இன்னைக்கே தொடங்கணும்."

அக்கா குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அடுத்து எப்பம் கூட்டிட்டு வரணும் டாக்டர்?" என்று கேட்டாள்.