யூசுப் பாயின் இடது கண்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது யூசுப் பாயின் தம்பி ஜப்பாரிடமிருந்து போன் வந்தது. வகுப்பில் நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "வாத்யாரே, அண்ணன் மௌத்தாயிட்டாரு. லாரி டயர கழட்டிகினு இருந்தாரு. மாரப் புட்ச்சிகினு அப்டியே குந்திட்டாரு" என்றான். கையிலிருந்த டஸ்டரைச் சுவரில் ஓங்கி எறிந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த தலைமையாசிரியர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முடிச்சூர் சாலையில் தம்பி ஜப்பாரோடு டயர் கடை வைத்திருந்த யூசுப் பாயை உங்களில் பலருக்குப் பஞ்சர் ஒட்டியவராகத் தெரியும். கோவளத்துப் பாறைகளில் நின்று தூண்டில் வீசுகிற எங்கள் கூட்டத்துக்கு ஜிக் வார்த்துக் கொடுத்தவராகத் தெரியும். ஒற்றைக் கண்ணர், முன்கோபி, பேசுவதற்கு முன் கை நீட்டுகிறவர். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கண் போன விதம் பற்றி ஊர் நம்புவது பொய். டஸ்டரை எறிந்த அடுத்த நொடியில் என் மனதில் வந்தது துக்கம்கூட இல்லை. 'இனி யாருக்கும் தெரியவராது' என்கிற நிம்மதி வந்தது. தூ, நானும் ஒரு மனிதனா என்று இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பழக்கமே அவர் விட்ட ஓர் அறையில்தான் ஆரம்பித்தது. ஜிக் என்பது சின்ன மீன் போல வார்த்த ஈயக்கட்டி. கொக்கி மாட்டிக் கடலில் வீசி இழுத்தால், பெரிய மீன் அதை இரை என்று நம்பிப் பாயும். கடையில் வாங்கினால் யானை விலை. பாறை இடுக்கில் மாட்டினால் போனது போனதுதான். கார் சக்கரங்களைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயத்துண்டுகள் டயர் கடைகளில் குப்பையாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டு, அவர் கடை வாசலில் இருந்த தொட்டியில் கேட்காமல் கையை விட்டேன். கன்னத்தில் விழுந்த அடியில் காது இரைந்தது. "கேட்டா குட்த்துட்டுப் போறேன். இன்னாத்துக்குத் திருடற?" என்றார். மீன் பிடிக்க என்றேன். உடனே அவர் முகம் மாறிவிட்டது. "மீனா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா வாத்யாரே? வெள்ளத்துல டயரெல்லாம் மெதந்து பூட்ச்சி. இந்த ஈயந்தான் நின்ன எடத்துலயே நின்னுகினு இருந்துச்சு. எடுத்துக்கோ" என்றார். அடுத்த ஞாயிறு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு கோவளத்துக்கு வந்தார்.

பீர்க்கன்கரணை ஏரியில் ஒருவன் பேட்டரி கட்டித் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடித்ததைப் பார்த்த நாளும் நினைவிருக்கிறது. பாய் அவனைக் கரைக்கு இழுத்து, அவனுடைய கழியாலேயே அவன் கையை முறித்துவிட்டார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அழைத்து வந்தவன் நான். வழியெல்லாம் அவர் ஒன்றைத்தான் சொன்னார். "மீனுக்கும் ஒரு சான்ஸ் வுடணும் வாத்யாரே. தப்பிக்க வழியே வுடாம அடிக்கறவன் மனுசனே இல்ல."

கடையின் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே ஸ்டவ் வைத்து இரும்புச் சட்டியில் ஈயம் உருக்குவோம். மேலே மிதக்கும் கசடை அவர் கரண்டியால் வழித்து எடுப்பார். பிறகு அச்சில் ஊற்றுவார். ஒரே ஒரு சட்டம்தான் அவருக்கு. "ஈயமும் தண்ணியும் மாமியா மருமவ மாதிரி. ஒரே சட்டில வெக்காத." வெல்டிங் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. "புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்றவன், உனக்குக் கண்ணு வோணும்" என்று அதை எப்போதும் என் தலையில் மாட்டிவிடுவார்.

அந்த ஞாயிறு காலையில் கோவளத்தில் ஒரு பெரிய பாறை மீன் என் ஜிக்கை மூன்று முறை துரத்தி வந்து, மூன்று முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. நான் ஊற்றிய ஜிக் அது, வார்ப்பு கோணல். கடைக்குத் திரும்பும்வரை எனக்கு எரிந்துகொண்டே இருந்தது. சட்டியில் ஈயம் உருகி நின்றது. பாய் குனிந்து கசடு வழித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து அந்த ஜிக்கை எடுத்து, "செத்துத் தொலை" என்று சட்டிக்குள் வீசினேன். வெளியே காய்ந்துதான் இருந்தது. கம்பி போகிற துளைக்குள் கடல் தண்ணீர் நின்றிருந்தது.

வெடித்தது. சட்டியில் இருந்த ஈயத்தில் பாதி கூரைக்குப் போய் எங்கள் மேல் கொட்டியது. என் சட்டை பொசுங்கி, தோள் வெந்தது. நான் மாட்டியிருந்த கண்ணாடியில் தெறித்த ஈயம் கண்ணாடியோடு நின்றது. பாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல ஸ்டவ்வ அணடா!" என்று கத்தினார். விரலிடுக்கில் இரத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஜப்பார் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து நெரித்தான். "எவன் ஈரத்தப் போட்டது? சொல்லு. அதே ஈயத்த அவன் கண்ணுல ஊத்தறேன்." கட்டிலில் கட்டோடு கிடந்த பாய், "அவன வுடுறா. நான்தான்டா போட்டேன். அவசரத்துல பாக்கல" என்றார். இடது கண் போய்விட்டது. ஊர் இன்றுவரை நம்புவது அந்த வாக்கியத்தைத்தான்.

இரண்டு மாதம் கழித்து, நடுப்பகலில் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். உள்ளே போனதும் ஷட்டரை இழுத்து மூடினார். ஒரே குத்து. கடைவாய்ப்பல் ஒன்று தரையில் விழுந்தது. "இது கண்ணுக்கு. இத்தோட வுட்டேன்" என்றார். "நான் இருக்கற வரிக்கும் ஜப்பார் கிட்ட மூச்சு வுடாத. அவன் உன்னக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் பூடுவான். உனக்கோசரம் சொல்லல, அவனுக்கோசரம் சொல்றேன்." பிறகு ஷட்டரைத் தூக்கிவிட்டு எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னார். என்னால் குடிக்க முடியவில்லை. இரண்டையும் அவரே குடித்தார்.

மறு ஞாயிறே ஈயம் உருக்கினோம். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் ஊற்றிய ஈயம் அச்சின் வாயைத் தவறவிட்டுத் தரையில் ஓடியது. மறுபடி ஊற்றினார், மறுபடியும் ஓடியது. சுத்தியலை எடுத்து நான்கு அச்சுகளைத் தூளாக்கினார். மூச்சு வாங்க நின்றார். பிறகு மிஞ்சியிருந்த ஒரே அச்சைக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டு, கரண்டியை என் பக்கம் காலால் தள்ளினார். "நீ ஊத்து. கை நடுங்கிச்சு, மண்டய ஒடச்சிருவேன்." அவர் கண்ணைத் தின்ற கையால், அவர் கையிலிருந்த அச்சில், அன்றிலிருந்து நான்தான் ஊற்றினேன். ஒருநாள்கூட அவர் கையைப் பின்னால் இழுத்ததில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது ஜப்பார் யாரிடமோ அழுதுகொண்டு சொன்னான். "எல்லாம் அவரோட அவசரம். அவசரத்துல கண்ணத் தொலச்சாரு, அதே அவசரத்துல பூட்டாரு." என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. செத்தவர் மேல் என் குற்றத்தை இன்னும் எத்தனை வருடம் ஏற்றி வைப்பது? அவர் இருக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னார்.

மூன்றாம் நாள் கடைக்குப் போய் ஜப்பாரிடம் சொன்னேன். முழுதும் சொன்னேன், கண்ணாடி என் முகத்தில் இருந்தது உட்பட. அவன் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. ஓங்கினான். நான் நகரவில்லை. ஸ்பேனர் என் தலைக்கு மேலே போய்க் கடைக் கண்ணாடியை நொறுக்கியது. பிறகு அந்த ஈயச் சட்டியைத் தூக்கிச் சாலையில் எறிந்தான். ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. "துக்க வூடு வாத்யாரே. இப்ப கை வெக்கமாட்டேன். நாப்பது முடியட்டும். அப்புறம் வா. வரலன்னா வூடு பூந்து அடிப்பேன்" என்றான். வருகிறேன் என்றேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவது வருகிற வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் கடையில் இருப்பேன். பயம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நண்பர்களே, உங்களில் சிலர் சமாதானம் பேச வருவீர்கள். வராதீர்கள். போலீசுக்கும் சொல்லாதீர்கள். என் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

யூசுப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அடித்த பிறகும், அடிபட்ட பிறகும், ஒரே சட்டியின் முன்னால் திரும்ப வந்து உட்கார வேண்டும். ஜப்பார் அடித்து முடித்ததும், எழுந்து நிற்க முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை ஈயம் உருக்கலாமா என்று அவனைக் கேட்பேன். ஊற்றப்போவது அவன். அச்சை நான் பிடித்துக்கொள்கிறேன்.