உப்புப் பார்க்க ஓர் ஆள்

சிங்கப்பூரில் ஒரு டிஷ்யூ பொட்டலத்துக்கு இருக்கிற மரியாதை நம்மூரில் பல பெரிய மனிதர்களுக்குக் கிடையாது. சாப்பாட்டுக் கடையில் காலி மேசைமேல் அதை வைத்துவிட்டுப் போனால் போதும், திரும்பி வரும்வரை அந்த இடத்தை ஒருத்தரும் தொடமாட்டார்கள். வந்த புதிதில், யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு ஓடி ஒரு சீனப் பெரியவரிடம் நீட்டினேன். இடத்தைப் பறிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தென்காசி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவள்தான் நான். இருந்தும் புரியவில்லை பாருங்கள்.

ஒரு கல்லூரி கேன்டீனில், இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். எதிர்மேசையில் தினமும் மதியம் ஒரு பொட்டலம் வந்து உட்காரும். கூடவே செங்காங் பேட்டையிலிருந்து வரும் ஷாலினி, இரண்டாம் ஆண்டு மாணவி. லேப்டாப் இருக்கும், தண்ணீர் பாட்டில் இருக்கும், தட்டு மட்டும் வராது. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது: அந்தப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. சாப்பிடுகிறவள் கை துடைக்க மாட்டாளா? கேட்டால், “சாப்ட்டேன் ஆன்ட்டி, டோன்ட் வொரி லா” என்பாள், இந்த ஊர் ‘லா’வையும் சேர்த்து. அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் இருப்பதைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டு வருகிறாள் என்று அவள் தோழி ஒருத்தி காதோடு சொன்னாள். மறுநாளே தட்டில் சோறு போட்டு நீட்டினேன். அவள் முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் ஆளையே காணோம். பசி வந்தால் பத்தும் பறக்கும், முதலில் பறப்பது மானம் என்பார்கள். இவளிடம் அது மட்டும் ஆணி அடித்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. விரத நாளில் சமைக்கும்போது வாயில் வைக்கக் கூடாதென்று, உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவாள். எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை! மூன்றாம் நாள் ஷாலினி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு இன்னைக்கு விரதம்மா, உப்புப் பாக்க ஆளில்ல. சோத்துல போட்டுப் பாத்தாத்தான் தெரியும். என் பங்குச் சோறு சும்மாதான் கெடக்கு.”

தயங்கினாள். பிறகு தட்டைக் காலி செய்துவிட்டு, “சாம்பார்ல கம்மி ஆன்ட்டி” என்று கறாராகச் சொன்னாள். நிஜமாகவே கம்மிதான்! அன்றிலிருந்து எனக்குத் தினமும் விரதம். காலண்டரில் இல்லாத சாமிக்கெல்லாம் இருந்தேன்.

நேற்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்று வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். “இது எந்தச் சாமிக்கு ஆன்ட்டி?”

வாய் நிறைய வடை. இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். அவளோ சிரித்தாள்.

“நீங்க விரதம்னு பொய் சொன்னீங்க, நான் சாப்ட்டேன்னு பொய் சொன்னேன். போதும் லா. நாளைக்கு ஒண்ணா சாப்டுவோம். உப்பு மட்டும் நான்தான் பாப்பேன்.”

இன்று கூட்டம் ஓய்ந்து வெளியே வந்தேன். மேசையில் அவள் பக்கம் பிரித்த பொட்டலம். எதிர் நாற்காலிக்கு நேரே பிரிக்காத இன்னொன்று, எனக்கு. என் இடம் ஊரில்தான், நான் போட்ட துண்டு இன்னும் தென்காசி பஸ்ஸின் ஜன்னலோர ஸீட்டில் கிடக்கிறது என்றுதான் நினைப்பு. இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு, எனக்குப் பிடித்துவைத்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.