உன்னைப் பற்றி ஒரு பக்கம்

கிட்ட வந்து உக்காருங்க, என் குரல் முன்னே மாதிரி எழும்பறதில்லை. போட்டோ ஸ்டூடியோ தொழிலில் முதல் பாடம் என்னவென்றால், மூஞ்சி எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக் கொடுத்தால் எவனும் வாங்க மாட்டான். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். ஆனால் எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுகிற பிள்ளைகள் பாதிப்பேர் எங்கள் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் வடக்கே ஒரு பெரிய காலேஜ் இருந்தது. அங்கே மார்க் மட்டும் பத்தாதாம். "உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று கேட்பார்களாம். எழுதுவது ஆயிரம் பேர், எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். அந்த ஒரு பக்கத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் நகத்தைக் கடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் கடித்திருப்பீர்கள், அதான் உங்களிடம் சொல்கிறேன்.

கடைக் கோட்டு

கடையில் கறுப்புக் கோட்டு ஒன்று உண்டு. ஒல்லிப் பையன் போட்டால் முதுகுப் பக்கம் கிளிப் குத்தி இறுக்குவோம். குண்டுப் பையன் என்றால் கீழே கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம், படத்தில் கை தெரியாது. அந்த வருஷம் ஊரில் அப்ளிகேஷன் போட்ட பையன்கள் எல்லாருக்கும் கழுத்துக்கு மேலேதான் வித்தியாசம்.

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஹெட் கிளார்க் தன் பையனை ஸ்கூட்டரில் கூட்டி வந்தார். நான் கோட்டை மாட்டிவிடும்போதே அவர் கட்டுரையையும் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "நாட்டு முன்னேற்றம், அணைக்கட்டு, உணவு உற்பத்தி, அப்பிடியே எழுதிக்கினு போ."

பையன் பாவம், "என்னைப் பத்திக் கேக்கறாங்கப்பா, இதுல நான் எங்கப்பா வர்றேன்?" என்றான்.

அவர் அசரவில்லை. "கடைசில கையெழுத்துப் போடுவ இல்ல, அங்க வருவ!"

கடலுக்குப் போனவர்கள்

குருசுக்குப்பத்துச் செல்வி அப்படி இல்லை, ரொம்பச் சூட்டிகை. அம்மா அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று முடிக்கிற வரைக்கும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துதான் படிப்பாள். அந்தக் காலேஜ் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் அவளுக்கும் ஒரு கூடை வாங்கி வைத்தாயிற்று. அதனால் அவளுக்கு அந்த ஒரு பக்கம்தான் எல்லாம்.

"இன்னாம்மா எழுதப் போறே?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஏற்கெனவே வழி சொல்லிவிட்டாராம். மீனவர் வீட்டுப் பெண் என்றால் படிக்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வர வேண்டும், உங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"நீ இன்னா சொன்னே?"

"போனாங்க மிஸ், சாயங்காலமே திரும்பி வந்துட்டாங்கன்னேன்."

சொல்தாவின் கால்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் மெடலெல்லாம் குத்திக்கொண்டு மகனோடு வந்தார். "பொன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னவர், உட்காருவதற்குள் இந்தோசீனா சண்டையில் குண்டடி பட்ட கதையை ஆரம்பித்துவிட்டார். மகன் அதைத்தான் எழுத வேண்டுமாம். "அது உனக்கு நடந்ததுப்பா" என்று மகன் சொல்லச் சொல்ல, அவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தழும்பைக் காட்டினார்.

"இதைப் படம் புடிச்சு அப்ளிகேஷன்ல ஒட்டுங்க" என்றார். மூஞ்சிதான் ஒட்டணும் என்று டார்க் ரூமிலிருந்து என் கூட்டாளி அந்துவான் எட்டிப் பார்த்துச் சொன்னான். சொல்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூஞ்சி எல்லாப் பயலுக்கும் இருக்கு முசியே, இந்தக் கால் எவன்கிட்ட இருக்கு?"

கொஞ்சம் ஏழையாக

துணிக்கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன். கஷ்டப்பட்டவனுக்குத்தான் சீட்டு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தலையைக் கலைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, பாத்தா கொஞ்சம் ஏழை மாதிரி எடுங்க" என்று காதோடு கேட்டான். கன்னம் ரெண்டும் பன் மாதிரி இருந்தது. லைட்டைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன், மேலே தூக்கிப் பார்த்தேன். எங்கிருந்து அடித்தாலும் செழிப்பாகத்தான் விழுந்தது.

கூட வந்த அவன் அம்மா கட்டுரையை வாங்கிப் படித்தார்கள். பட்டினி கிடந்து தெருவிளக்கில் படித்ததாக எழுதி வைத்திருந்தான். பெஞ்சில் இருந்த செல்வி சிரிப்பை அடக்கப் புத்தகத்தை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தம்மா காகிதத்தை மடித்து அவன் தலையிலேயே ஒன்று வைத்தார்கள்.

"பட்டினியா கெடந்தே? நேத்து ராத்திரி கறிக்கொழம்புச் சட்டிய வழிச்சது யாருடா, நானா?"

அஞ்சலை அக்கா

கடைசித் தேதி நெருங்கியும் செல்வி ஒரு வரி எழுதவில்லை. புயல் இல்லை, பட்டினி இல்லை, குண்டடியும் இல்லை. அவள் படம் ரெடியான அன்றைக்கு அஞ்சலை காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்தது. படத்தை வாங்கி ஆரம்பித்தது பாருங்கள். கழுத்து கோணல், மூக்கு சப்பை, என் பொண்ணு இன்னா இவ்ளோ கறுப்பா என்று நிறுத்தவே இல்லை. எனக்கு முகம் சுண்டிப்போனது. "வேணாம்னா வச்சிட்டுப் போக்கா" என்றேன்.

செல்வி குறுக்கே வந்தாள். "கோச்சிக்காதீங்கண்ணே. கரையில ஏலத்துல பாத்ததில்ல? வேணாங்கறவ மீனைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. வாங்கணும்னு முடிவு பண்ணவதான் செவுளைத் தூக்கிப் பாத்து, செதில் போச்சு, வால் போச்சுன்னு நொட்டை சொல்லுவா. எங்கம்மா எடுத்துக்கப் போவுதுன்னு அர்த்தம்." அதற்குள் அஞ்சலை படத்தை முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டது. செல்வி மட்டும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒரு பேனா குடுங்க, இதையே எழுதிடறேன்."

மூன்று பேர்

செல்வியை நேரில் வரச் சொல்லி காலேஜிலிருந்து காகிதம் வந்தது. போய்விட்டு வந்து அவள்தான் எல்லாம் சொன்னாள். எதிரே மூன்று புரொபசர்கள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாராம். இன்னொருவர் எதைச் சொன்னாலும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றாராம். நடுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர்தான் பிடித்துக்கொண்டாராம். கையெழுத்து சரியில்லை, ஏலத்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம், முக்கால் பக்கம்தானே இருக்கிறது என்று ஒரே குடைச்சல். கடைசியில் அவரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் கணக்குப்படி எங்க மூணு பேருல உன்னை எடுக்கப் போறது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

அந்துவான் ஈரக்கையோடு டார்க் ரூம் வாசலில் நின்றுவிட்டான். நான்தான் கேட்டேன், "நீ இன்னா சொன்னே?"

"நீங்கதான் சார், நான் வந்ததுலேர்ந்து செவுளைத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்கன்னேன்."

சீட்டு கிடைத்து, ஹாஸ்டல் கார்டுக்கு என்னிடமே படம் எடுக்க வந்த அந்தச் செல்வி, ஒரு கண் சின்னது, காது பெரிசு, நெற்றியில் வெளிச்சம் ஜாஸ்தி என்று மூச்சு விடாமல் நொட்டை சொல்லிவிட்டு, வீட்டில் மாட்டப் பெரிசாக ஒன்று போடச் சொன்னாள்.